பாதிக்கு மேல் நின்ற முள்

நமக்குப் பிடித்ததைச் சொல்பவரை நாம் சந்தேகிப்பதே இல்லை. மனிதர்கள் விஷயத்தில் இதனால் ஏமாந்தவர்கள் நிறைய உண்டு. நான் ஏமாந்தது காரின் பெட்ரோல் முள்ளிடம்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், குடப்பனக்குன்னில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஆரியசாலையில் மிளகாய் வற்றல் கடை. அவர் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். எனக்கு லைசென்ஸ் புத்தம் புதிது. (அதற்குள் பக்கத்து வீட்டு வாழை ஒன்று என் திறமையை அனுபவித்திருந்தது.)

கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். மதினி, அண்ணன் என்று அழைப்பேன். விமானம் ஏறிய மறுநாள் காலை வேலையில் சேராவிட்டால் அண்ணனின் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அவர்கள் கிளம்பும் நாளில் பார்த்து என் கணவருக்கு விருதுநகரில் வேலை. டாக்ஸி பிடித்துக் கொடு என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"டாக்ஸி எதுக்கு மதினி? ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டு விடுதேன்."

மதினி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்தார். பிறகு, பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சாவியைத் திருப்பிக் காட்டினேன். முள் பாதிக்கு மேல் நின்றது. எங்கள் ஷெட் குன்றின் சரிவில் இருந்தது. கார் எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அதற்கும் முள்ளுக்கும் சம்பந்தம் இருக்குமென்று யார் கண்டார்?

இறக்கத்தில் இறங்கியதும் முள் தரையைத் தொட்டது. அண்ணன் எட்டிப் பார்த்தார். அது சும்மா ஆடும் என்றேன். அடுத்த ஏற்றத்தில் மறுபடி பாதிக்கு வந்தது. "பாத்தியளா?" என்றேன், ஏதோ நானே ஊற்றி நிரப்பியதுபோல. ஏறியபோதெல்லாம் முள்ளை நம்பினேன். இறங்கியபோதெல்லாம் முள் பழுது என்றேன். வெள்ளயம்பலம் தாண்டி ஒரு பங்க் வந்தது. நிறுத்தலாமே என்றார் அண்ணன். பாதி டேங்க்கை வைத்துக்கொண்டு யாராவது வரிசையில் நிற்பார்களா? நான் நிற்கவில்லை.

பேட்டையில், சமமான ரோட்டில், கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பட்டுச்சேலை கட்டிய மதினி இறங்கி, கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினார். அண்ணனும் தள்ளினார். நடுநடுவே கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆட்டோ ஒன்றுகூடக் காலியாக வரவில்லை. கடைசியில் பூ அலங்காரத்தோடு வந்த ஒரு கல்யாண வேனைக் கையை விரித்து மறித்தேன். தமிழும் மலையாளமும் அழுகையுமாக விஷயத்தைச் சொன்னேன். முன்னால் இருந்த பெரியவர், மாப்பிள்ளையின் மாமாவாம், நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஞங்ஙளும் சங்குமுகத்தேக்காணு. கேறிக்கோ" என்றார். அவர்களும் விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகத்துக்குத்தான் போகிறார்களாம், ஏறிக்கொள்ளச் சொன்னார். மாப்பிள்ளையே நகர்ந்து இடம் கொடுத்து, மதினியின் நேந்திரங்காய் வறுவல் பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் காரோடு ரோட்டோரம் நின்றேன்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. கவுண்டர் மூடும் நேரத்தில் ஓடிப் போய்ச் சேர்ந்தார்களாம். "வேன்ல சந்தனமெல்லாம் தந்தாவ. டாக்ஸில போயிருந்தா இதெல்லாம் கிடைக்குமா செல்வி?" என்றார் மதினி. அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் ஊரிலிருந்து வந்த கணவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஷெட்டைக் காட்டினார். "டேங்க்குக்குள்ள ஒரு மிதவை கிடக்கும். அது மேல போனா முள்ளும் மேல போகும். வண்டி சரிஞ்சு நின்னா பெட்ரோல் பூரா ஒரு பக்கமா ஒதுங்கும். நம்ம ஷெட்டுல பின் பக்கமா ஒதுங்கும், மிதவையும் அந்தப் பக்கம்தான். சமதளத்துல பாத்தாத்தான் உண்மை." டேங்க் நேரான பெட்டியாக இல்லாமல் கோணல்மாணலாக இருப்பதால் முள்ளும் ஒரே சீராக இறங்காதாம், நிறைந்த இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அவசரமாக இறங்குமாம்.

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ டாக்ஸில போவேன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

விஷயம் மஸ்கட் வரை போய், அங்கிருந்து குடும்பம் முழுக்கப் பரவியது. இன்றும் எங்கள் வீட்டில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், சரிவில் நின்று சொல்கிறாயா சமதளத்திலா என்றுதான் கேட்பார்கள். பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகளும் தப்புவதில்லை. போன வாரம் மதினிக்குப் போன் செய்து, நடைப்பயிற்சியில் என் எடை நன்றாகக் குறைந்துவிட்டது என்று சொன்னேன்.

"நல்லது" என்றார் மதினி. "அந்த மெஷினை எங்க வச்சு ஏறி நின்ன?"