மாடு தின்ற ஆப்பிரிக்கா

இருபத்திரண்டு வயதில் ஒருவருக்குக் கொஞ்சம் படிப்பும் நிறைய ஆர்வமும் இருந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் பாவம். எனக்கு இரண்டும் இருந்தன.

அறுபதுகளில் செஞ்சிக் கோட்டையை ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோள டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் எங்கள் ஊரான வல்லத்தில் வீட்டோடு உட்கார்ந்து மல்லாட்டை உரிக்க வேண்டியதுதான். (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்.)

சுவரில் தொங்கும் மேப்பை வைத்தா அவரை அசத்துவது? வேப்பமரத்தடியில் ஆப்பிரிக்காவையே படைத்துவிட்டேன். சகாராவுக்குப் பொடித்த புண்ணாக்கு. காங்கோக் காடுகளுக்குப் பச்சை மல்லாட்டைக் கொடி. பிரமிடுகள் கட்டிப் புண்ணாக்கில் செதுக்கியவை. நைல் நதிக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர்கூட விட்டிருந்தேன். (நிறம் பொருத்தமாக இருக்க வேண்டுமாம்! அந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.)

இன்ஸ்பெக்டர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். அவர் தலைமையாசிரியை அறையில் காபி குடித்து முடித்ததும் என் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாக மரத்தடிக்குப் போனோம்.

ஆப்பிரிக்காவைக் காணோம். அந்த இடத்தில், வேப்பமரத்தில் கட்டியிருந்த அவருடைய வண்டிமாடுகள் இரண்டும் நின்றன. ஒன்று நைல் நதியின் கடைசி மடக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

வண்டிக்காரர் என்னைப் பார்த்து மலர்ந்து கும்பிட்டார். "இன்னா மரியாதைம்மா! எத்தினியோ ஊருக்கு வண்டி ஓட்டிக்கினு போயிருக்கேன். மனுசனுக்கு மோர் குடுப்பாங்க. மாட்டுக்குப் பந்தி வெச்சது நீங்கதான்!"

"ஐயோ, அது ஆப்பிரிக்கா!"

"எதுவா இருந்தா இன்னாம்மா, ருசியா துன்னுச்சிங்க."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் வந்த வண்டி மாடு செஞ்ச வேலைக்கு உங்களை என்னம்மா சொல்றது? ஏதாவது மிச்சம் இருக்கா?"

என் வகுப்பு முன்வரிசைப் பெண் ஒருத்தி துள்ளி முன்னால் வந்தாள். "மடகாஸ்கர் இருக்குது சார்! கயிறு எட்டல."

அன்று நான் மடகாஸ்கரை நடத்தியது போல அந்தத் தீவுக்காரர்களே நடத்தியிருக்க மாட்டார்கள். கடல் தாண்டி வந்து குடியேறிய ஜனங்கள், நெல் வயல்கள், மூன்று வேளையும் சோறு என்று பொழிந்து தள்ளினேன். அங்கேயும் திமில் வைத்த மாடுதான் குடும்பத்துக்குக் கௌரவம் என்றேன்.

"அப்டி சொல்லுங்க டீச்சர்!" என்றது பின்னாலிருந்து வண்டிக்காரரின் குரல்.

வேலை நிரந்தரமாயிற்று. அந்த ஆர்டரை வாங்கியபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இந்தக் கதையை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், கடைசிப் பந்தியில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் குண்டானுக்குள் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்:

"மடகாஸ்கராவது மிச்சம் இருக்குதா?"