டாக்டர் பிரவோத்தோவின் கடைவாய்ப்பல்

தெமாங்குங் ஊரில் பல்வலி வந்தால் யாரும் நேரே பல் டாக்டரிடம் போவதில்லை. முதலில் பொது வைத்தியரிடம் போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாத்திரை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அந்தப் பொது வைத்தியர் பிரவோத்தோ. வீட்டின் முன்பக்கத்தில் இடது அறை அவருடையது. வலது அறை அவர் மனைவி நிங்சியுடையது. நிங்சி பல் டாக்டர். நடுவில் பெஞ்சு போட்ட கூடம். சாயங்காலம் ஆனால் ஊரில் பாதி அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும்.

பல்வலிக்காரன் கையில் அகப்பட்டால் பிரவோத்தோ லேசில் விடமாட்டார். உட்கார வைத்து ஒரு பிரசங்கம் நடக்கும். மாத்திரை வலியைத் தூங்க வைக்கும், சொத்தையைத் தூங்க வைக்காது என்பார். பல்லுக்குள்ளே நரம்பு புண்ணாகிக் கிடக்கும்போது ஆன்டிபயாடிக் விழுங்குவதும் ஒன்றுதான், அதைச் சாக்கடையில் போடுவதும் ஒன்றுதான் என்பார். கடைசியாகத் தோளில் தட்டி, "எதிர் ரூமுக்குப் போங்க. என் சம்சாரம் கை பட்டா வலியே தெரியாது" என்று அனுப்பி வைப்பார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை பொங்கும். ஆனால் சொந்த அனுபவம் துளியும் கிடையாது. அவருக்குக் கல்யாணமாகி, பிறந்த மகள் காலேஜுக்கே போய்விட்டாள், இன்னும் அந்த நாற்காலியில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. குடும்பத்துக்குள்ளே வைத்தியம் பார்த்துக்கொள்வது தொழில் தர்மம் ஆகாது என்பது அவர் கட்சி. தனக்குச் சளி பிடித்தால் நிங்சி அவரிடம்தான் மருந்து கேட்பாள். அன்றைக்கு மட்டும் தர்மம் லீவில் போய்விடும்.

உண்மை என்னவென்றால், மனுஷனுக்குப் பயம். அரிவாள் வெட்டுக்குச் சீழ்க்கை அடித்துக்கொண்டே தையல் போடுகிறவர், எதிர் அறையில் பல் குடையும் மெஷின் சத்தம் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். நோயாளிகளின் மன அமைதிக்காக என்று அதற்கு ஒரு காரணம் வேறு.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் கீழ்வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுரீர் என்றது. பிறகு தண்ணீர் படாமலே, தானாகவே, காது வரைக்கும் இழுத்தது. இது எந்தக் கட்டம், இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தினமும் நாலு பேருக்குச் சொல்வதுதானே. ஆகவே கண்ணாடி முன் நின்று, வாயைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டு, ஒரு தீர்மானம் செய்தார். இதை மருந்தாலேயே சமாளிப்பது, எதிர் அறைக்கு மூச்சு விடுவதில்லை.

வலி மாத்திரை விழுங்கினார். வலது பக்கமாகவே மென்றார். எந்தெந்தக் காரியத்துக்காக நோயாளிகளைத் திட்டினாரோ, அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தார். நிங்சி சுடச்சுட ரெம்பேயெக் பொரித்து வைத்தாள். வேர்க்கடலை போட்ட அந்த மொறுமொறு அப்பளம் என்றால் டப்பாவோடு காலி பண்ணுகிற ஆசாமி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கொலஸ்ட்ரால் என்றார். இனிமேல் அரிசிக் கஞ்சியே போதும் என்றார். நிங்சி சரி என்றாள். மூன்று வேளையும் கஞ்சியே வந்தது.

வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் திடீரென்று என்ன கஞ்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். நிங்சி கேட்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவரோ தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தன்னையே மெச்சிக்கொண்டார்.

மாத்திரைக்கும் வலி அடங்காமல் போனபோது கிராம்புத் தைலத்தில் இறங்கினார். பஞ்சில் நனைத்துப் பல்லின் குழியில் வைத்து அமுக்கினால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். எல்லாம் சரிதான், வாசனையைத்தான் அவர் யோசிக்கவில்லை. புகையிலையும் கிராம்பும் விளைகிற ஊர் அது. ஆம்பளை மேல் கிராம்பு வாசனை வந்தால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம், கிரெட்டெக். புகையிலையோடு கிராம்புத் தூள் கலந்து சுருட்டிய சிகரெட். நிங்சி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அவரை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்டது ஊருக்கே தெரிந்த கதை.

மத்தியானம் கஞ்சியை வைத்த நிங்சி, குனிந்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன மாஸ், கிராம்பு வாசனை அடிக்குது?"

புருஷனைக் கூப்பிடும் மாஸ் என்ற வார்த்தையை அவள் இப்படி இழுத்தால் வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். பிரவோத்தோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"கிராம்பா? எங்கே?"

"உங்க வாயிலதான். மறைக்காம சொல்லுங்க. மறுபடியும் கிரெட்டெக் ஆரம்பிச்சுட்டீங்களா?"

ஒரு கணம் அவர் திகைத்தார். மறுகணம் மனசுக்குள் மேளம் கொட்டியது. அடடா, எவ்வளவு அருமையான சந்தேகம். சிகரெட் என்றால் ரெண்டு நாள் திட்டு, நாலு நாள் முகம் தூக்கல். பல் என்றால் அந்த நாற்காலி. எது லாபம் என்று பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. தலையைக் குனிந்து, குரலைத் தழைத்து, பெண்டாட்டியைச் செல்லமாகத் திக் என்று கூப்பிட்டு, "என்ன பண்றது திக், ரெண்டு மூணு தம் அடிச்சுட்டேன். மனசுல ஒரே பாரம்" என்றார்.

புயலுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். புயல் வரவில்லை. நிங்சி பெருமூச்சு விட்டு, அவர் இடது கன்னத்தைப் பாசமாக இரண்டு தட்டுத் தட்டினாள். "உண்மையைச் சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள். பிரவோத்தோவுக்கு வீட்டுக்குள்ளேயே நட்சத்திரம் தெரிந்தது. பல்லைக் கடிக்கவும் முடியாமல் சிரித்து வைத்தார்.

இப்போது அந்த வீட்டின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டவர் பிரவோத்தோவேதான். புகை பிடிக்கிறவர் யாராக இருந்தாலும், காய்ச்சலோ கால்வலியோ, முதலில் எதிர் அறையில் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அவர் அறைக்குள் வரலாம். வாயில் புற்று வந்து, நாள் கடந்து, ஒன்றும் செய்ய முடியாமல் அவர் கண் முன்னே போனவர்கள் உண்டு. அதிலிருந்து இந்த விஷயத்தில் அவர் யாருக்கும் இரங்குவதில்லை. புகையிலை விவசாயிகள் முணுமுணுத்தார்கள். அதிலும் ஊரார் மரியாதையாகப் பாக் கர்மின் என்கிற கிழவர் பெரிய தகராறே பண்ணித்தான் வழிக்கு வந்தார். வந்ததும் நல்லதாயிற்று. அவர் கன்னத்தின் உட்புறம், விட்டால் புற்றாக மாறக்கூடிய ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. நிங்சி அதை அடிக்கடி பார்த்து வந்தாள்.

அன்று சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. பிரவோத்தோ தன் அறைக் கதவைத் திறந்தபோது எதிர்க் கதவும் திறந்தது. கையுறை மாட்டியபடி நிங்சி வெளியே வந்தாள்.

"பாக் கர்மின், கொஞ்சம் பொறுத்துக்குங்க. உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தரைப் பார்க்கணும்."

"யாரும்மா அது?"

"நம்ம டாக்டர்தான். திரும்பவும் கிரெட்டெக் பிடிக்க ஆரம்பிச்சுட்டாராம். அவரே ஒத்துக்கிட்டார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

கூடத்தில் எல்லாத் தலையும் டாக்டர் பக்கம் திரும்பியது. அப்புறம் பெஞ்சு முழுக்கச் சந்தோஷம். பல வருஷமாக வாயைப் பிளந்து காட்டிக் காட்டி அலுத்தவர்கள் அல்லவா. ஒருவர் எழுந்து டாக்டருக்கு வழி விட்டார். இன்னொருவர் எந்த மார்க் என்று விசாரித்தார். தன் வயல் புகையிலையில் ஒரு கட்டுக் கொண்டுவந்து தருவதாகக் கர்மின் வாக்குக் கொடுத்தார்.

பிரவோத்தோ சுதாரித்துக்கொண்டு, தனக்கு நேரமில்லை, நோயாளிகள் காத்திருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். கர்மின் மெல்ல எழுந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப நானும் நாளைக்கே காட்டிக்கறேன் டாக்டர். உங்களுக்கு இல்லாத அவசரம் எனக்கு எதுக்கு?"

கிழவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பிரவோத்தோவைப் பயமுறுத்தியது. இன்றைக்கு இந்த மனுஷன் படியிறங்கினால் திரும்ப வரமாட்டார். அந்த வெள்ளைத் திட்டு அதற்காகக் காத்திருக்காது. பல்லைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். சொன்னாலும் போகவேண்டிய இடம் அதே நாற்காலிதான். கூடத்தையும் கர்மினையும் பார்த்துவிட்டு, தூக்கு மேடைக்கு நடக்கிறவர் தோரணையில் எதிர் அறைக்குள் நடந்தார். உள்ளே போனதும் மனைவியின் காதில், "பார்க்க மட்டும்தானே? கை வைக்க மாட்டியே?" என்றார்.

"பார்க்கத்தான்" என்று நாற்காலியைச் சாய்த்தாள் நிங்சி.

வாயைத் திறந்த புருஷனால் பேச முடியாது. நிங்சியால் முடியும். அவள் நிதானமாகச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"நாக்கு நல்லா இருக்கு. கன்னம் நல்லா இருக்கு. ஒரு கறைகூட இல்லையே, ரொம்பச் சுத்தமான புகை போல."

"ஆ" என்றார் பிரவோத்தோ.

அவள் இடுக்கியை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல்லின் குழியிலிருந்து எண்ணெயில் ஊறிய பஞ்சை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது எந்தக் கம்பெனி கிரெட்டெக், மாஸ்?"

பிரவோத்தோ பார்வையை விட்டத்துக்குத் திருப்பினார். கண்ணோரம் தண்ணீர் கோத்தது. வெட்கம் பாதி, வலி பாதி. நிங்சி அதைப் பார்த்தாள். அதற்குமேல் கேலி செய்யவில்லை. "கண்ணை மூடிக்கோங்க. நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொல்லி ஊசியை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் உதடும் தாடையும் மரத்தன. மெஷின் சத்தம் கேட்டது. நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை. நோயாளிகளிடம் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டது அத்தனையும் சத்தியம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோணிய வாயோடு அவர் வெளியே வந்ததும் கர்மின் மேலும் கீழும் பார்த்தார். வலித்ததா என்று கேட்டார். பிரவோத்தோ இல்லை என்று தலையாட்டினார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். கிழவர் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நோயாளிகள் எல்லாரும் போனபின் புருஷனும் பெண்டாட்டியும் கூடத்துப் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்தார்கள். வலி இல்லாத உலகம் எவ்வளவு அழகு என்று பிரவோத்தோவுக்குத் தோன்றியது. மனைவியை வணங்கலாம் போல இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்தியது.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கஞ்சி கேட்டீங்களே, அன்னைக்கே. சிகரெட் பிடிச்சவர் சட்டையில புகை நாத்தம் அடிக்கும். உங்க சட்டையில சோப்பு வாசனைதான் அடிச்சுது."

"அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி?"

"தனியாக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டார். அதை ஒப்புக்கொள்ளாமல் டீயை உறிஞ்சினார். மரத்த உதட்டின் வழியே பாதி டீ சட்டையில் வழிந்தது. போகட்டும், கிரெட்டெக்கை மறுபடி விட்டுவிட்டேன் என்று நாளைக்கே எல்லாரிடமும் சொல்லிவிடலாம். கௌரவமும் மிச்சம், பல்லும் மிச்சம். எப்படியோ எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று நிம்மதியாகக் காலை நீட்டினார்.

"எங்க முடிஞ்சுது?" என்றாள் நிங்சி. "இன்னைக்கு நரம்பைத்தான் எடுத்திருக்கேன். வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கணும், புதன்கிழமை மறுபடி உட்காரணும். அதுக்கு என்ன பொய் சொல்றதுன்னு நீங்களே யோசிச்சு வைங்க, கிரெட்டெக் மாதிரி ஒவ்வொரு தடவையும் நானே எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருக்க முடியாது."