வெள்ளைக் கட்டம் வென்ற கிளெனிஸ்

கேளீர், உலகீர்! கோதுமைக்கடல் சூழ் பிர்ராங்கா மாநகரின் (குடிகள் எழுநூற்றுப் பன்னிரண்டு, ஆடுகள் நீங்கலாக) பள்ளியில் புவியியல் பயிற்றும் பெருமாட்டி, சிவப்பு மார்க்கர் ஏந்திய செங்கையாள், கிளெனிஸின் வெற்றியைப் பாடத் துணிந்தேன். நாமகளே, என் நாவில் சற்றே வந்து உட்கார்ந்துவிட்டுப் போ.

அவள் வேண்டியது நாடன்று, முடியன்று. ஆசிரியர் அறைச் சுவரின் ஆண்டுத்திட்டப் பலகையில், செப்டம்பரின் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அடுத்தடுத்த கடையில் அடுப்பு மூட்டும் மலேசிய நன்னாட்டுக்குப் பதினெட்டுப் பிள்ளைகளை அழைத்துச்செல்ல இரண்டாண்டு தவங்கிடந்தாள் அவள். ஏனைய வாரங்களையெல்லாம் தேர்வும் நீச்சல் முகாமும் கைப்பற்றிவிட்டன. விமானத்தில் பிடித்துவைத்த இருபது இருக்கைகளோ, தேதி சொல்லாவிடில் இப்போர் நிகழ்ந்த ஜூன் நாளின் நண்பகலோடு கைநழுவும். பிறகு வழக்கம்போல் கோதுமைக் கிடங்குச் சுற்றுலாதான். அதை அவர்கள் ஆறு முறை பார்த்தாயிற்று, பாவம்.

அக்கட்டம் ஏன் வெறுமையாய்க் கிடந்தது? அது ஃபுட்டி எனும் ஊர்க் கால்பந்தாட்டத்தின் இறுதிப்போட்டி வாரம். அதை எழுதிவைக்கத் தேவையே இல்லை, ஊருக்கே தெரியும். அதில் வேறெதையும் எழுத இதுவரை எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

தேநீர் வேளையில் கிளெனிஸ் மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிப் பலகை நோக்கிப் புறப்பட்டாள். எதிரே நின்றான் டேரில்: உடற்பயிற்சி ஆசான், ஊரின் வெண்கிளி ஃபுட்டி அணிக்குப் பயிற்சியாளன், கடுங்குளிரிலும் அரைக்கால்சட்டையே அணியும் அடல்வீரன், ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறுகையில் தேங்காய்ப்பூ தூவிய லாமிங்டன் கேக்கும் தாங்கி, முதுகால் கட்டத்தை மறைத்து நின்றான்.

"நகருப்பா டேரில்!"

"மாட்டேன். என் பொணத்து மேல எழுது."

"உன் சட்டை மேலயே எழுதுறேன், பாக்கறியா?"

அம்மவோ, அவ்வமரை என்னென்பேன்! அவள் இடம் பாய, அவன் இடம் சாய. அவள் வலம் திரும்ப, அவன் வலம் அடைக்க. தேநீர் தெறிக்க, தேங்காய்ப்பூ பொழிய, மார்க்கர் அவன் காதில் செங்கோடு கிழிக்க, ஐந்து ஆசிரியர்கள் பிஸ்கட் டப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு மூலையில் ஒதுங்கினோம். மணி பதினொன்றே முக்கால்.

அலுவலகத்து மோரீன் கோப்பை கழுவியபடியே கேட்டாள்: "டேரில் கண்ணு, உன் டீம் இப்ப எத்தனாவது இடம்?"

மலையை ஒத்த மார்பு அக்கேள்வியில் அடங்கிற்று.

"எட்டாவது."

"மொத்தம் எத்தனை டீம்?"

"...எட்டு."

"போன வருஷம்?"

"போதும், விடு மோரீன்!" டேரில் கோப்பையைக் கீழே வைத்தான். "எழுதித் தொலை கிளெனிஸ். எங்க பசங்களாவது, ஃபைனலுக்குப் போறதாவது! துணைக்கு இன்னொரு வாத்தியார் வேணும்ல? நானே வர்றேன்."

வழி விட்டான் வள்ளல்! கட்டம் வழிய வழிய 'மலேசியா' என்று எழுதினாள் அவ்வீராங்கனை. நண்பகலுக்கு மூன்று நிமிடம் முன் தொலைபேசியில் தேதியையும் முழங்கினாள். சொல்ல வெட்கமென்ன, அவள் கண் கலங்கியது, எனக்கும்தான்.

அந்த வருஷம் எங்கள் அணி ஃபைனலுக்குப் போனது, டேரில் மலாக்காவில் இருந்தார்.