இன்ஸ்பெக்டர் வீட்டுப் புழு

பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலோரம் வந்தவர், அங்கிருந்த பாட்டில் ஒன்றுக்குள் சும்மா எட்டிப் பார்த்தார். கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது. நுரை தாடை வழியாக இறங்கிப் பனியனில் சொட்டியது.

தண்ணீரின் மேல்மட்டத்தில் மூன்று கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கியபடி சாவகாசமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

வேறு யார் வீடாக இருந்தாலும் இது ஒரு சமாசாரமே இல்லை. ஆனால் பார்த்தவர் சுகாதாரத் துறையில் கொசு ஒழிப்புப் பிரிவின் இன்ஸ்பெக்டர். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃப்ரிஜ்ஜின் முதுகு என்று ஊரார் வீட்டில் ஓர் இடம் விடாமல் குனிந்து பார்த்து, "தேங்கின தண்ணிதாங்க எமன்" என்று பாடம் எடுத்தே தலை நரைத்தவர்.

இன்னும் கிட்டத்தில் குனிந்தார். அவருடைய நிழல் விழுந்ததுதான் தாமதம், மூன்றும் நெளிந்து அடியில் போய் ஒளிந்துகொண்டன. பாட்டிலைச் சுற்றிக் கழுத்துவரை கம்பளி நூல். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"என்னங்க, வாயில நுரையோட அங்க என்ன பண்றீங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்ல. செடி... நல்லா இருக்கு."

உள்ளே கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. செடியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

வாய் கொப்பளித்துவிட்டு அவர் திரும்பி வருவதற்குள், மனைவி வெயில் வரும் திசைக்கு ஏற்றபடி அத்தனை பாட்டில்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டிருந்தாள். எல்லாமே கம்பளிச் சட்டை போட்ட பாட்டில்கள். எல்லாவற்றிலும் பச்சை இலை. எது அந்தப் பாட்டில்?

இந்தத் தோட்டம் முளைத்தது மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு. வீடு வெறிச்சென்று ஆனது. மனைவி தொலைக்காட்சிகூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். அப்புறம் யாரோ கொடுத்த மணிபிளான்ட் கொடியை ஜாம் பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்தாள். வெள்ளையாக ஒரு வேர் விட்டது. அன்றைக்கு வீட்டில் பேச்சு சத்தம் திரும்பி வந்தது.

அதிலிருந்து வீட்டில் எந்தப் பாட்டிலும் தப்பவில்லை. ஒருநாள் குளிக்கப் போனவர், தன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் டம்ளரில் இருப்பதைக் கண்டார். எண்ணெய் இருந்த பாட்டிலில் புதினா இருந்தது. வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் நூல் சுற்றினாள்.

ஆரம்பத்தில் அவர் குதித்தார்தான். "கொசு இன்ஸ்பெக்டர் வீட்டுல பாட்டில் பாட்டிலா தண்ணியா? ஊர் சிரிக்கும்!"

"வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி மாத்தறேன். ஒரே ஒரு புழு கண்ணுல பட்டாலும் அத்தனையையும் என் கையாலயே கொட்டிடறேன். போதுமா?"

சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அதுதான் இப்போது சிக்கல். புழு என்று ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஜன்னல் காலியாகிவிடும். நாற்காலி நிரம்பிவிடும். அவர் வாயை மூடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்றைக்கு வேலையும் சரியாக ஓடவில்லை. அவரோடு வீடு வீடாக வருகிற உதவியாளர், நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால் தொட்டித் தண்ணீரை மொண்டு பார்ப்பவர். தெருவில் அவருக்குப் பெயரே கரண்டிக்காரம்மா. ஒரு வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டரை மடக்கினார்.

"புழு புழுன்னு பயமுறுத்தறீங்களே, அது பாக்க எப்படிதான் இருக்கும்?"

இன்ஸ்பெக்டர் தோள்பையைத் துழாவினார். டிபன் பாக்ஸ்தான் கையில் வந்தது. "நம்ம ஷோ பாட்டில் எங்கம்மா?"

"உங்ககிட்டதானே சார் இருந்தது?"

"ஜீப்புல கிடக்கும், விடு." அவர் ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி நெளித்துக் காட்டினார். "இந்த மாதிரி இருக்கும். துள்ளித் துள்ளிப் போகும்."

"அட, இதுவா? மேல டேங்க்ல நிறைய இருக்கே! நான் ஏதோ மீன்குஞ்சுன்னு பேசாம விட்டுட்டேன்."

டேங்கைக் கழுவவைத்துவிட்டு ஆபீஸ் திரும்பினால், மேலதிகாரியான பெரிய டாக்டரம்மா கூப்பிட்டனுப்பியிருந்தார். குரல் உயர்த்தாமலே நடுங்க வைக்கக்கூடியவர்.

"இந்த பாட்டில்ல செடி வளக்கற பைத்தியம் ஊரெல்லாம் பரவுது. சனிக்கிழமை ஒரு தெருவை எடுத்து முழுசா சோதனை போடப்போறேன். ஒரு பாட்டில்ல ஒரு புழு கிடைச்சாலும் சரி, பாட்டில் செடியே யாரும் வைக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுடுவேன்."

"எந்தத் தெரு மேடம்?"

"உங்க தெருதான். நீங்க இருக்கற தெரு சுத்தமா இருக்கும், நல்ல ஆரம்பமா இருக்கும்."

அவர் வெளியே வந்து, வீட்டில் எத்தனை பாட்டில் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்ததும், மனைவி எழுவதற்கு முன், பூனைபோல நடந்து நாலைந்து பாட்டில்களை அணைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். எல்லாத் தண்ணீரையும் ஒருமுறை மாற்றிவிட்டால் புழு எதிலிருந்தாலும் ஒழிந்தது. முதல் பாட்டிலைக் கவிழ்த்தார். இரண்டாவதைக் கவிழ்க்கும்போது விளக்கு எரிந்தது.

"என்னங்க இது?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிய நின்றார். "உனக்கு எதுக்கு சிரமம்னு... நானே தண்ணி மாத்தலாம்னு..."

மனைவியின் கண் லேசாகக் கலங்கியிருந்தது. பிறகு பாட்டில்களை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நேத்துதாங்க மாத்தினேன். அடிக்கடி மாத்தினா வேருக்கு ஆகாது. உங்களுக்கு இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அன்று மாலை அவர் வீடு திரும்பியபோது, அவருடைய கட்டில் பக்கத்தில், அலமாரி மேல், கண்ணாடிக்கு முன்னால், ஷேவிங் சாமானுக்கு நடுவில் என்று புதிதாக ஏழெட்டுப் பாட்டில்கள் உட்கார்ந்திருந்தன.

"இதெல்லாம் உங்க பங்கு," என்றாள் மனைவி.

குறைக்கப் போய்க் கூட்டிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஏம்மா, இவ்வளவு அழகா வளத்து நாம மட்டும் பாத்து என்ன பண்றது? தெருவுல ஆளுக்கு ஒண்ணு குடுத்தா என்ன?"

கொடுத்துவிட்டால் வீடு காலி. வீடு காலியானால் புழுவும் காலி. அவருடைய கணக்கு அவ்வளவுதான். மனைவிக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் இருவருமாகத் தெரு முழுக்கப் பாட்டில் வழங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மனைவி, "வாரம் ரெண்டு தடவை தண்ணி மாத்தணும், பாட்டிலை உள்ள கையவிட்டுத் தேய்ச்சுக் கழுவணும், மறந்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

கடைசியில் வீட்டில் மூன்றே பாட்டில்கள் மிஞ்சின. அகல வாய்ப் பாட்டில் ஒன்றை மட்டும் மனைவி கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதையும் மாடி வீட்டுத் தையல்காரருக்குக் குடுத்துடலாமே?"

"அய்யோ, இதை மட்டும் யாருக்கும் தரமாட்டேன்," என்றாள். சொல்லும்போது அந்த வயதில் அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் வழக்கமும் அவருக்கில்லை.

படுத்த பிறகுதான் உறைத்தது. புழு போய்விட்டது, சரி. எங்கே போயிருக்கிறது? யாரோ ஒருவர் வீட்டுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தது யார்? கொசு இன்ஸ்பெக்டர். சனிக்கிழமை டாக்டரம்மா கேட்டால், "சார்தான் சிரிச்சுக்கிட்டே குடுத்தார்" என்று தெருவே சாட்சி சொல்லும். உத்தரவு மட்டுமா வரும்? உத்தியோகமே ஆட்டம் காணும்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, டார்ச்சோடு வீடு வீடாக ஏறினார்.

"செடியைப் பாக்க வந்தேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தீங்களோன்னு பாத்தேன்!" என்றார் மாடி வீட்டுத் தையல்காரர். இவர் பாட்டிலைச் சாய்த்து, டார்ச் அடித்து, வேரை உதறி, தண்ணீரை வடிகட்டிப் பார்த்தார். தையல்காரர் மூக்கின்மேல் விரலை வைத்தார். "பொண்ணைக் கட்டிக்குடுத்த இடத்துல மாமனார் வந்து பாக்கற மாதிரியில்ல பாக்கறீங்க! கவலையே படாதீங்க சார். ஒண்ணு போதலைன்னு நானும் ஆறு வெட்டி வச்சுட்டேன்."

"ஆறா?"

எதிர் வீட்டு வாத்தியார் வீட்டில் பத்து. அடுத்த வீட்டில் எண்ணவே அவருக்குத் தெம்பில்லை. கொடுத்தது ஒன்று, வெட்டி வைத்தது பல என்று தெருவே தண்ணீரும் தண்டுமாக இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தார். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம், எதிலும் புழு இல்லை.

வீட்டுக்கு வந்து மிஞ்சிய மூன்றையும் குனிந்து பார்த்தார். இரண்டு சுத்தம். மூன்றாவது அந்த அகல வாய்ப் பாட்டில், மனைவியின் தலையணைப் பக்கம் இருந்தது. நேர்மேலே நின்று டார்ச் அடித்தார். எதுவும் தெரியவில்லை. நிழலோ வெளிச்சமோ சட்டென்று விழுந்தால் புழு அடியில் போய்விடும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவருக்கு, சொந்த வீட்டில் அது மறந்துபோயிற்று. அன்றைக்குக் கண்டது பேஸ்ட் நுரையாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை டாக்டரம்மா வந்தார். பின்னால் கரண்டியோடு கரண்டிக்காரம்மா. தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் டாக்டரம்மாவின் புருவம் ஒரு படி உயர்ந்தது.

"இது யார் குடுத்தது?"

"இன்ஸ்பெக்டர் சார்தான்!" என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். தையல்காரர் ஒருபடி மேலே போய், "நேத்து டார்ச் அடிச்சு வந்து பாத்தும் போனார் மேடம், தங்கமான மனுஷன்" என்றார்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

ஆனாலும் எல்லாப் பாட்டிலும் சுத்தம். கடைசியாக இவர் வீடு. இரண்டு பாட்டில் பார்த்தாயிற்று. மூன்றாவதை மனைவியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா குனியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிழல் விழாமல் தள்ளி நின்று, பொறுமையாகக் காத்திருந்தார்.

ஒன்று மேலே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"ம்," என்றார் டாக்டரம்மா.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அவளும் பார்த்துவிட்டாள். "நான்... நான் எல்லாத்தையும் கொட்டிடறேன்," என்றாள் மெதுவாக. "சொன்ன சொல்லு அது. மத்த எல்லாத்துக்கும் தவறாம மாத்தினேன். இந்தத் தண்ணியை மட்டும் மாத்த மனசு வரல."

"ஏன்?"

"இது இவர் எனக்காகக் கொண்டுவந்த தண்ணி. குளத்துத் தண்ணி செடிக்கு நல்ல உரம்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். போன வாரம் இவர் பையைக் கழுவ எடுத்தேன், உள்ள ஒரு பாட்டில் நிறையத் தண்ணி வச்சிருந்தார். அப்படியே அதுல ஒரு கொடியைப் போட்டு நூல் சுத்திட்டேன். வாய்விட்டுச் சொல்லக்கூடத் தெரியாது இவருக்கு. அதனாலதான்..."

இன்ஸ்பெக்டர் திருதிருவென்று விழித்தார். குளம் இருக்கிற பக்கமே அவர் போய் மாதக்கணக்காகிறது. இவள் ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். மனைவியைப் பார்த்தார். அந்தப் பழைய நாற்காலியைப் பார்த்தார்.

"ஆமா மேடம்," என்றார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மேலதிகாரியிடம் பொய் சொல்கிறோம் என்று அவருக்கு உறுத்தியது. "நான்தான் கொண்டுவந்தேன். புழுவும் என்னோடதுதான். இவ மேல தப்பு இல்ல. என்ன நடவடிக்கை எடுக்கறதா இருந்தாலும் என் மேல எடுங்க. இந்தச் செடிங்களை மட்டும் விட்டுடுங்க."

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். டாக்டரம்மா அவரையே பார்த்தார். பக்கத்தில் கரண்டிக்காரம்மா, பாட்டிலின் கம்பளி நூலை நுனி பிடித்து உருவிக்கொண்டே வந்தவர், கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்த துறையின் எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சார் சொல்றது சத்தியமான வார்த்தை மேடம்! நாலு நாளா நாங்க தேடாத இடமில்ல. இது நாங்க ஜனங்களுக்குக் காட்டற ஷோ பாட்டில். இது இவங்க வீட்டுப் புழு இல்ல, நம்ம ஆபீஸ் புழு!"