சிக்கன அலுவலரின் கார்

தஞ்சாவூரில் மாவட்ட சிக்கன ஊக்குவிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. பொதுமக்கள் வருமானத்துக்குள் செலவு செய்து மீதியைச் சேமிக்க வேண்டும் என்ற உயரிய நோக்கத்துக்காக அரசு அதைத் தொடங்கியிருந்தது. அலுவலகம் வாடகைக் கட்டடத்தில் நடந்தது. இதுவரை கொடுத்த வாடகையில் அந்தக் கட்டடத்தையே இரண்டு முறை விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று தணிக்கைக்கு வந்த ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருக்கு உரிய வழியாக உரிய பதில் அனுப்பப்பட்டது.

குழந்தைராஜ் அங்கே ஊக்குவிப்பு அலுவலர். ஊர் ஊராகப் போய்ச் சேமிப்பைப் பற்றிப் பேசுவது அவருடைய வேலை. அந்த அலுவலகத்தில் அந்தப் பேச்சை நம்பியவர் அவர் ஒருவர்தான். அவரும் மனைவி ரோஸ்லினும் கல்யாணமான மாதத்திலிருந்து சேமித்து வந்தார்கள். ரோஸ்லின் பள்ளிக்கூட ஆசிரியை. வல்லம் பக்கம் ஒரு மனை வாங்கிப்போட்டிருந்தார்கள். அதில் இரண்டு அறையும் ஒரு பெரிய சமையலறையும் வைத்து வீடு கட்டுவதற்கான பணம் வங்கியில் வைப்புத்தொகையாக இருந்தது. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது வரைக்கும் ரோஸ்லின் முடிவு செய்திருந்தாள்.

சம்பா அறுவடை முடிந்து, நெல்லுப் பணம் ஜனங்கள் கைக்கு வந்த சமயம். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் குழந்தைராஜின் கூட்டம் நடந்தது. சமுதாயக் கூடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நன்றாகவே பேசினார். முடிந்ததும் பஞ்சநதம் என்ற விவசாயி எழுந்தார். குறை சொல்வதற்காக அல்ல; உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார் எத்தனை வருஷமா சேமிக்கிறீங்க?"

"வேலைக்கு வந்த நாள்லேர்ந்து. இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"இங்க எதுல வந்தீங்க?"

"பஸ்லதான்."

பஞ்சநதம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "என் மச்சினன் கையில இன்னைவரைக்கும் ஒரு பைசா நின்னதில்ல. அவன் கார்ல வர்றான். நீங்க இருபத்தாறு வருஷம் சேமிச்சு பஸ்ல வந்திருக்கீங்க. நான் யாரு சொல்றதைக் கேக்குறது?"

குழந்தைராஜிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டது. அன்றைக்கு ஒருவர்கூடச் சேமிப்புக் கணக்கு தொடங்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதி மேலே அனுப்பியதுதான் அவர் செய்த பிழை. மாவட்ட அதிகாரி அனுராதா அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். எதையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர். உடனே ஒரு கூட்டம் போட்டார். சிக்கனத்துக்கு ஒரு கவர்ச்சி இல்லாமல் போனதுதான் பிரச்சினை, சிக்கனமாக இருப்பவர்கள் பார்ப்பதற்கு ஏழைகளைப் போல இருக்கிறார்கள், இதை மாற்ற வேண்டும் என்று விளக்கினார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது: "சிக்கனத்தின் பலனைப் பொதுமக்கள் கண்கூடாகக் காணும் பொருட்டு, களப்பணிக்குச் செல்லும் அலுவலர்கள் சொந்தமாகப் புதிய நான்கு சக்கர வாகனத்தில் செல்வது விரும்பத்தக்கது."

அலுவலக மொழியில் விரும்பத்தக்கது என்பது கட்டளையைவிடக் கடுமையான சொல். கட்டளையை மீறினால் விளக்கம் கேட்பார்கள், கொடுக்கலாம். விரும்பியதைச் செய்யாதவனிடம் யாரும் விளக்கம்கூடக் கேட்கமாட்டார்கள்.

பெட்ரோலுக்கு என்ன ஏற்பாடு என்று குழந்தைராஜ் விசாரித்தார். சிக்கன நடவடிக்கையை முன்னிட்டு வழக்கம்போல பஸ் கட்டணம் மட்டுமே வழங்கப்படும் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து ரோஸ்லினிடம் சொன்னார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"செங்கல் விலை வருஷா வருஷம் என்ன ஆகுது?"

"ஏறுது."

"கார் வாங்கி வாசலுக்குக் கொண்டாந்தா அதோட விலை?"

"இறங்கும்."

"அப்ப ஏறுறதை முதல்ல வாங்குவோம். இறங்குறது இறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இவ்வளவு தெளிவாக அவரேகூட எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. கார் வேண்டாம் என்று முடிவானது.

ஆனால் அடுத்த வாரம் அவருடைய சுற்றுப்பயணம் ரத்தானது. வாகன வசதி ஏற்படும் வரை அவர் அலுவலகத்திலேயே இருந்து பணியாற்றலாம் என்றார்கள். பணி என்று எதுவும் இல்லை. பழைய பேனர்கள் சுருட்டி வைத்திருந்த அறையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். காலையில் போய் உட்கார்ந்து மாலையில் எழுந்து வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர் வீட்டில்கூடப் பேச்சைக் குறைத்துவிட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லவில்லை. ரோஸ்லின் வேண்டுமென்றே ஒருநாள் உப்புப் போடாமல் ரசம் வைத்துப் பார்த்தாள். குடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்றைக்கு அவளே சொன்னாள். "சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்ங்க. ரொக்கமா வாங்குவோம். கடன் மட்டும் வேண்டாம்."

கார் விற்கும் இடத்தில் ஜாபிர் என்பவர் மேலாளர். அதிராம்பட்டினத்துக்காரர், மரியாதையான மனிதர். இருவரையும் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். இருந்ததிலேயே சின்னதான ஒரு காரைக் காட்டி இதன் விலை என்ன என்று ரோஸ்லின் கேட்டாள். ஜாபிர் மாதத் தவணையைச் சொன்னார். அவள் மறுபடியும் விலையைக் கேட்டாள். அவர் வேறொரு தவணையைச் சொன்னார், அது முன்னதைவிடக் குறைவு. அந்தக் கட்டடத்தில் எந்தக் காருக்கும் விலையே இல்லை என்பது அவர்களுக்கு மெல்லப் புரிந்தது.

முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுப்பதாகக் குழந்தைராஜ் சொன்னதும் ஜாபிரின் முகம் வாடிவிட்டது.

"ரொக்கம்னா மூணு மாசம் காத்திருக்கணும் சார். லோன்னா வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போயிடலாம்."

"முழுப் பணமும் கையில தர்றவனுக்கு மூணு மாசமா?"

"நீங்க பணத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டா நம்ம உறவு அதோட முடிஞ்சுது. லோன் எடுத்தா ஏழு வருஷம். கம்பெனி உறவைத்தான் சார் மதிக்குது."

அந்த உறவில் பேங்குக்கு வட்டி, கம்பெனிக்குக் கமிஷன், ஜாபிருக்கு மாத இலக்கு எல்லாம் அடங்கியிருந்தன. இதற்குள் அனுராதா இரண்டு முறை போனில் விசாரித்துவிட்டார். மூன்று மாதம் பேனர் அறையில் உட்கார முடியாது என்று குழந்தைராஜுக்குத் தோன்றியது. லோன்தான் என்றால் இன்னும் கொஞ்சம் உயரமான கார் பார்க்கலாமே, மாதத்துக்கு இரண்டாயிரம்தானே வித்தியாசம் என்றார் ஜாபிர். சின்னக் கார் ஓட்டிப் பழகுகிறவர்கள் எடுப்பது என்றும் சொன்னார். கார் உயர்ந்தது.

பிறகு வங்கிக்குப் போனார்கள். அவர்கள் வைப்புத்தொகை இருந்த அதே கிளை. கடன் பிரிவில் செந்தில்குமார் என்ற இளைஞர் கம்ப்யூட்டரில் குழந்தைராஜின் பெயரைத் தட்டிப் பார்த்து வருத்தப்பட்டார்.

"சார், நீங்க இதுவரைக்கும் எங்கயுமே கடன் வாங்கினதில்லையா?"

"இல்லைங்க." இதைச் சொல்லும்போது எப்போதும் வரும் பெருமை அன்றைக்கும் வந்தது.

"அதான் சிக்கல். உங்களுக்குக் கடன் மதிப்பெண்ணே இல்ல. நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு எங்களுக்குத் தெரிய வழியில்ல."

"இருபத்தாறு வருஷமா உங்க பேங்க்லதானே பணம் போட்டு வச்சிருக்கேன்?"

"அது உங்களுக்கு எங்க மேல இருக்கிற நம்பிக்கை சார். எங்களுக்கு உங்க மேல வரணும்ல?"

அதற்கும் வழி இருந்தது. வீட்டுக்கென்று வைத்திருந்த வைப்புத்தொகையை ஈடாகக் காட்டினால் கடன் கிடைக்கும். கடன் முடியும் வரை வைப்புத்தொகையைத் தொடக்கூடாது. செந்தில்குமார் காட்டிய இடங்களில் எல்லாம் குழந்தைராஜ் கையெழுத்துப் போட்டார். கூட்டுக் கடன்தாரர் என்ற இடத்தில் ரோஸ்லின் போட வேண்டியிருந்தது. பேனாவைத் திறந்தவள் அவரைக் கேட்டாள்.

"நம்ம பணத்தை வச்சுக்கிட்டு நமக்கே கடன் கொடுக்குறாங்க. சரிதானே?"

"ஆமா."

"வட்டி யாருக்கு யாரு கொடுக்கணும்?"

"நாமதான்."

"அவங்க நமக்குக் கொடுக்குற வட்டியைவிட இது கூடவா?"

"கொஞ்சம் கூட."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் மறுபடியும் ஊர் ஊராகப் போவார் என்பதற்காகப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அலுவலக நண்பர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இரண்டும் கைக்காசு செலவில்லாதவை என்பதால் குழந்தைராஜ் எதையும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வல்லத்து மனையைப் பார்க்கப் போனார்கள். ரோஸ்லின் காருக்குள் ஏசியில் உட்கார்ந்து, சமையலறை ஜன்னல் வரவேண்டிய இடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனை கருவேலம் முளைத்து அப்படியேதான் கிடந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருவது மட்டும் வசதியாகியிருந்தது.

பஞ்சநதத்தின் ஊரில் மறுபடியும் கூட்டம் போட அனுராதா உத்தரவிட்டார். இந்த முறை இருநூறு பேர் வந்தார்கள். கூட்டம் சமுதாயக் கூடத்துக்குள் வரவில்லை, காரைச் சுற்றியே நின்றது. எனவே குழந்தைராஜும் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று பேசினார். பஞ்சநதம் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, அது மூடும் சத்தத்தைக் கேட்டார்.

"சேமிச்சு வாங்கினதா சார்?"

குழந்தைராஜால் பொய் சொல்ல முடியவில்லை. கடனில் வாங்கியது, ஏழு வருஷம் கட்ட வேண்டும், இதனால் தான் வீடு கட்டுவது நின்றுபோயிருக்கிறது, தன்னைப் பார்த்து யாரும் இப்படிச் செய்ய வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சநதம் அவரை மரியாதையோடு பார்த்தார். பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"சேமிப்பு சொல்லிக்கொடுக்குற ஆபீசரே லோன்லதான் வாங்கியிருக்காரு. அப்ப அதுல ஏதோ விஷயம் இருக்கு. நம்மகிட்ட சொல்ல யோசிக்கிறாரு."

அந்த மாதம் அந்த ஊரிலிருந்து மட்டும் நாற்பது பேர் கார்க் கடனுக்கு விண்ணப்பித்தார்கள். மண்வெட்டியோடு நடந்து போகும் வயல் வரப்பில் கார் போகாது என்பது பற்றி யாரும் கவலைப்படவில்லை. செய்தி பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. கடன் கொடுப்பதற்கு முன் விண்ணப்பதாரர் அந்தக் கிளையில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும் என்பது வங்கியின் விதி. தவணை பிடிக்க ஓர் இடம் வேண்டுமே. ஆகவே மாவட்டத்தில் புதிய சேமிப்புக் கணக்குகள் இதுவரை காணாத அளவுக்கு உயர்ந்தன. அனுராதா அந்த எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்பினார். கணக்குகளுக்குள் பணம் இருக்கிறதா என்று கேட்பதற்கு மேலிடத்துப் படிவத்தில் கட்டம் இல்லை.

குழந்தைராஜுக்கு முன்மாதிரி சிக்கன அலுவலர் விருது அறிவிக்கப்பட்டது.

விழா தஞ்சாவூரில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வெளியே ரோட்டின் இரண்டு பக்கமும் புதுக் கார்கள். உள்ளே அனுராதா, செந்தில்குமார், ஜாபிர், ஆசீர் சொல்ல வந்த ஃபாதர், மாலையோடு பஞ்சநதம், அவருக்குப் பின்னால் அவர் ஊரே. ரோஸ்லின் இரண்டாவது வரிசையில் இருந்தாள். அரசின் சிக்கனப் பணிகளைப் பதிவு செய்ய வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறவனும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

விருதை வாங்கிக்கொண்ட குழந்தைராஜ், எழுதிக் கொடுத்திருந்த உரையைப் பையில் வைத்துவிட்டார். மனசுக்குள் இருந்ததைப் பேசத் தொடங்கினார். தான் ஒரு ஜன்னலுக்குச் சேமித்ததையும் அது எங்கே போனதென்பதையும் சொன்னார். கடன் வேண்டாம் என்று வீட்டில் இருப்பவள் சரியாகத்தான் சொன்னாள், தான்தான் கேட்கவில்லை என்றார். கார் ஒரு தேவையாக இருக்கிறவர்கள் வாங்கட்டும், அடுத்தவன் பார்ப்பதற்காக வாங்காதீர்கள் என்றார். எந்த ஊரிலும் அவர் பேச்சை இவ்வளவு அமைதியாக யாரும் கேட்டதில்லை. பஞ்சநதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜாபிர்கூடத் தலை குனிந்திருந்தார். இனியாவது நாம் எல்லோரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும், அந்த முடிவு என்னவென்றால், என்று அவர் கையை உயர்த்தினார்.

அப்போது மண்டபத்தில் இருந்த எல்லா போன்களும் ஒன்றாக ஒலித்தன.

அன்றைக்கு மாதத்தின் நாலாம் தேதி. நாளை தவணை நாள், கணக்கில் போதிய இருப்பு வைத்துக்கொள்ளவும் என்ற செய்தி எல்லோருக்கும் வந்திருந்தது. ரோஸ்லினுக்கு வந்தது. அனுராதாவுக்கு வந்தது, அவருக்கு இரண்டு. கடன் கொடுத்த செந்தில்குமாருக்கும் விற்ற ஜாபிருக்கும் வந்தது. ஃபாதர் அங்கிக்குள்ளிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே வைத்தார். எழுதுகிறவனும் தன்னுடையதைக் கவிழ்த்து வைத்தான்.

மேடையில் குழந்தைராஜ் உயர்த்திய கையை இறக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தனக்கு வந்ததை நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து, எங்கே விட்டேன் என்று கேட்டார்.

யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள்.