பிரஷ் டவாலியும் பூவரச இலையும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, அடுத்தவர் பல் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ்ஷை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஒரே அரசு ஊழியர் எங்கள் பிரஷ் டவாலிதான். இதை எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து சொல்வேன். என் பிரஷ்ஷே நாலு அவரிடம் போயிருக்கிறது.

நன்னிலம் பக்கத்தில் ஒரு தாலுகா ஆபீஸ். நான் குமாஸ்தா. அவர் தாசில்தாரின் டவாலி. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, தலையில் முண்டாசு, வாசலில் நின்று பேர் கூப்பிடும் வேலை. அப்போது ஊரில் பாதிப் பேர் வேப்பங்குச்சி, மீதிப் பேர் சாம்பல். பிரஷ் என்பது அதிகாரிகள் வாயிலும் என்னைப் போல ஒன்றிரண்டு குமாஸ்தா வாயிலும் மட்டுமே இருந்த பொருள். அதனால் புது தாசில்தார் வந்து நாற்காலியில் உட்கார்ந்த அன்றே இவர் பவ்யமாகப் போய் நிற்பார்.

"ஐயா பிரஷ்ஷ எப்ப மாத்துவீங்க?"

"எதுக்குய்யா?"

"தூக்கிப் போட்றாதீங்க. எங்கிட்ட குடுங்க."

ஒரு தாசில்தார் இதைத் தன் வாய் நாற்றத்தைப் பற்றிய ஜாடை என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கிராம்பு மென்றார்.

பிரஷ் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. தினம் விசாரணை, தினம் வாய்தா. காலையில் மிராசுதார்கள் வந்து, "ஆட்சியா நடக்குது?" என்று கத்துவார்கள். மத்தியானம் மறுதரப்பு கொடி பிடித்து வந்து அதையே கத்தும். இரண்டு தரப்புக்கும் விரல் மரத்துப்போக எழுதித் தள்ளுவது நான். இந்த லட்சணத்தில், வந்தவர்களோடு வந்த குழந்தைகள் வேறு வராந்தாவில் அழுதுகொண்டிருக்கும். சத்தம் வராமல் பார்ப்பது டவாலியின் பொறுப்பு. மற்ற டவாலிகள் அதட்டுவார்கள். இவர் பிரஷ்ஷை எடுத்தார்.

தரையில் காகிதம், அதன்மேல் ஒரு பூவரச இலை, இலை பறக்காமல் இரண்டு கூழாங்கல். கொட்டாங்கச்சியில் துணிக்குப் போடுகிற நீலம். பிரஷ்ஷைத் தோய்த்து, உதறி, சீப்பின் பல்லில் சர்க் சர்க்கென்று தேய்த்தால் தூறல் மாதிரி பொடிப் புள்ளியாக விழும். காய்ந்ததும் இலையை எடுத்தால் நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஓர் இலை. அவ்வளவுதான். இதற்கு முப்பது குழந்தைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். வளையல், சாவி, டீ வடிகட்டி, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் இப்படிப் படமாகியிருக்கின்றன. கண்ணாடியை நான் கொடுக்கவில்லை. முகம் கழுவக் கழற்றி வைத்திருந்தேன்.

நிற விஷயத்தில் மட்டும் மனிதர் ஜாக்கிரதை.

"செவப்பு மட்டும் தெளிச்சா ஒரு கட்சிம்பான். கருப்பும் செவப்பும் தெளிச்சா இன்னொரு கட்சிம்பான். பச்ச மை அதிகாரி கையெழுத்துக்கு. நமக்கு மிச்சம் நீலமும் மஞ்சளுந்தான் சார்."

அப்படியும் வம்பு வந்தது. ஒரு நாள் தாசில்தார் அச்சடித்த படிவம் கேட்க, கட்டுக்கட்டாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்குக்கூட முதுகு வெள்ளையாக இல்லை. எல்லாவற்றிலும் இலை. இனி ஆபீஸ் காகிதத்தைத் தொட்டால் வேலை போய்விடும் என்று உத்தரவு. இவர் அசரவில்லை. குழந்தைகளைப் பார்த்து, "வர்றப்ப வீட்லேர்ந்து வேண்டாத காயிதம் எடுத்தாங்க கண்ணுங்களா" என்று சொல்லிவிட்டார்.

அது காளியம்மாள் வழக்கில் வந்து நின்றது.

காளியம்மாளின் புருஷன் ஒரு மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுதவர். விஷக் காய்ச்சலில் போய்விட்டார். பிறகு அவள்தான் அந்த வயலைப் பார்த்தாள். அவள் பெயர் பதிவாகாவிட்டால் அந்தச் சம்பாவோடு வயலை விட்டு இறங்க வேண்டியதுதான். மகள் செல்விக்கு ஆறு வயது. மிராசுதாரோடு காரில் வருகிற பேத்தி உமாவுக்கும் அதே வயது. உள்ளே பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். வெளியே இதுகள் இரண்டும் ஒரே கொட்டாங்கச்சியில் கை விட்டுக்கொண்டிருக்கும். செல்வி இலையைப் பிடிப்பாள், உமா தேய்ப்பாள். காகிதமும் உமாதான் கொண்டுவருவாள். செல்வி வீட்டில் ஏது காகிதம்?

கடைசி வாய்தா அன்று மிராசுதாரின் காரியஸ்தர் தாசில்தார் முன்னால் கையை விரித்தார்.

"குத்தகையா? அப்படி ஒரு சீட்டே கெடையாதுங்க. புருஷனும் கூலிக்கு வந்தான், இந்தம்மாவும் கூலிக்கு வந்துச்சு."

"ஏம்மா, உங்கிட்ட என்ன இருக்கு?" என்றார் தாசில்தார்.

"நாத்து விட்டுருக்கேங்க."

"காகிதம் இருக்கான்னு கேட்டேன்."

"அத ஐயா வீட்லதான் வச்சிருந்தாங்க."

மிராசுதார் விட்டத்தைப் பார்த்தார். தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

என் மேஜை ஜன்னலோரம். வராந்தாவில் நடந்ததை நான் பார்த்தேன். பேர் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிய டவாலி, உமா விரித்திருந்த பழைய காகிதத்தைக் குனிந்து படித்தார். அவர் எட்டாங்கிளாஸ். படித்ததும் முகம் மாறிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியிருந்தால் பெரிய இடத்துக் காகிதத்தைத் திருடினான் என்று கட்டிவைத்திருப்பார்கள். அவர் எடுக்கவில்லை. நல்ல அகலமான பூவரச இலையாக ஒன்று பறித்துவந்து காகிதத்தின் கீழ்ப்பாதியில் தானே வைத்தார்.

"இங்க வச்சு அடிங்க. மத்த எடத்துல லேசா அடிச்சாப் போதும்."

கொஞ்ச நேரத்தில் உமா உள்ளே ஓடிவந்தாள். குழந்தைகளை உள்ளே விடாமல் தடுப்பது அவர் வேலை. அன்று கதவைத் தானே திறந்துவிட்டு முண்டாசைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"தாத்தா, எலையப் பாருங்க!"

பெரிய மனிதர் பேத்தி ஆயிற்றே, பாராட்டி வைப்போம் என்று தாசில்தார் கையை நீட்டி வாங்கினார். நீலப் புள்ளிகளுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. குத்தகைச் சீட்டு. வெள்ளை இலைக்குள் ஒரு புள்ளிகூடப் படாமல் காளியம்மாள் புருஷனின் கட்டைவிரல் ரேகை, பக்கத்திலேயே மிராசுதாரின் கையெழுத்து.

"இத எங்கேர்ந்து எடுத்தே பாப்பா?"

"தாத்தா பொட்டியிலேர்ந்து. பழைய காயிதந்தானே?"

காரியஸ்தர் வாயைத் திறந்தார். மிராசுதார் கையமர்த்தினார். பேத்தியின் நீல விரல்களைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"எழுதிக்குங்க" என்றார். "இவளே கொண்டாந்து குடுத்தப்புறம் நான் என்னத்தச் சொல்றது? எனக்கும் அலுத்துப்போச்சு."

காளியம்மாள் பெயரைப் பதிவேட்டில் எழுதியது நான்தான். அந்த உத்தியோகத்தில் நான் அலுப்பில்லாமல் எழுதிய வரி அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே காரியஸ்தர் மேலதிகாரிகளுக்கு மனுப் போட்டார். ஆவணத்தின்மேல் நீலம் தெளிக்க வைத்த குற்றத்துக்கு டவாலிக்கு மெமோ, பிறகு கடலோரத்து ஆபீஸுக்கு மாற்றல். மெமோவை எழுதச் சொன்னது தாசில்தார், எழுதியது நான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்து எழுதிவிட்டேன். டவாலி அதை வாங்கி முழுக்கப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. முக்கியமான எடத்துல படலைன்னு போடலியே சார்?"

"அதப் போட முடியாதுய்யா."

"சரி விடுங்க. படலைன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல, அது போதும்" என்று சிரித்தார்.

புறப்படுகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தார். சிவப்புப் பட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்றார். எத்தனையோ அதிகாரிகளுக்கு நான் எழுந்து நின்றிருக்கிறேன். அதெல்லாம் சம்பளத்துக்கு. அவருக்கு எழுந்து நின்றேன். அவர் தெருமுனை திரும்புகிறவரை எனக்கு உட்காரத் தோன்றவில்லை.