போரை நிறுத்தக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை

என் மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் சௌக்கியத்தைக் கேட்டால், சொந்தப் படுக்கையறைக்குள் ஜன்னல் வழியாக ஏறி இறங்குகிற மனிதன் எவ்வளவு சௌக்கியமாக இருக்க முடியுமோ அவ்வளவு சௌக்கியம்.

பீரோ விஷயத்தில் உங்கள் தங்கை தன் கட்சியைச் சொல்லியிருப்பாள். என் கட்சியையும் கேளுங்கள். படுக்கையறைக் கதவை அளந்தேன், பீரோவை அளந்தேன், பீரோவின் கைப்பிடியை அளக்கவில்லை, உலகத்தில் யார் கைப்பிடியை அளக்கிறார்கள் சொல்லுங்கள், ஆட்கள் தூக்கிவந்து தள்ளினார்கள், பாதி உள்ளே போய் வாசலில் சிக்கிக்கொண்டது. அவள் ஹால் பக்கம் நின்று சாய்த்து எடுக்கச் சொன்னாள், நான் அறைக்குள் நின்று நேராக இழுக்கச் சொன்னேன், தூக்க வந்தவர்கள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு முகம் பார்க்காமல், பீரோவுக்கு மேலாகச் சத்தம் மட்டும் போட்டுச் சண்டை நடந்தது. அந்த வேகத்தில், எதையும் கோணலாகவே பார்ப்பது உங்கள் பரம்பரைக் குணம் என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. உங்களைச் சேர்த்துச் சொல்லவில்லை, அப்போது உங்கள் ஞாபகமே எனக்கு இல்லை. நான் ஜன்னல் வழியாக இறங்கி வீட்டைச் சுற்றி வருவதற்குள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பது கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியாதா? அவள் இல்லாமல் வீடு நிம்மதியாக இருக்கிறது. அவள் வளர்த்த செடிகள் அத்தனையும் காய்ந்துவிட்டன, அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் குறட்டை கேட்காமல் எனக்குத் தூக்கமும் வருவதில்லை. அதையும் சொல்லாதீர்கள், அவள் குறட்டை விடுவதில்லை என்பதுதான் எங்கள் வீட்டின் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

நான் எழுத வந்தது வேறு. அணுகுண்டுப் போர் மூண்டால் அதை அளவோடு நடத்தி, நல்லபடியாக முடித்துவைக்கிற பிரிவில் எனக்கு உத்தியோகம் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் கொடுக்கும்போது நிரந்தர வேலைதானா என்று கேட்டீர்கள், நான் மழுப்பினேன், அந்தக் குறை உங்களுக்கு இன்னும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் போரை ஆரம்பிக்கிற பிரிவுக்கு மூன்று மாடியும் லிஃப்டும் உண்டு. முடிக்கிற பிரிவுக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, நிமிர்ந்தால் தலை இடிக்கும். போன வாரம் மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று, ஆரம்பிக்க இத்தனை ஒத்திகை பார்த்தோமே, முடிக்க ஒன்றாவது பார்த்தோமா என்று தோன்றிவிட்டது. உடனே ஒத்திகைக்கு உத்தரவு போட்டார்கள்.

எங்கள் இயக்குநர் மஞ்சள் நாட்டுத் தலைவர். கணக்குப் பிரிவு மேடம் பச்சை நாட்டுத் தலைவி. ஆளுக்கு ஒரு கண்ணாடி அறை, ஆளுக்கு ஒரு போன், நடுவில் உள்ள நடைவழியில் நான் நடுவர். குண்டு விழுந்தால் மணி அடித்து, சுவரில் உள்ள வரைபடத்தில் சிவப்பு வில்லை ஒட்டுவது என் வேலை. மற்றபடி நடுவர் வாய் திறக்கக் கூடாது, அது விதி. போர் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்தது, அதில் எங்களைக் குறை சொல்லவே முடியாது. கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு. பச்சை நாடு ஒரு துறைமுகத்தை அடித்தது, மஞ்சள் நாடும் பதிலுக்கு ஒரு துறைமுகத்தை அடித்தது. மேடம் வெளியே தலை நீட்டி, எங்கள் துறைமுகம் பெரிதாயிற்றே, இது எப்படிச் சரிக்குச் சரியாகும் என்று கேட்டார். இயக்குநர் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு, தன் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றையும் சில்லறையாகச் சேர்த்து அடித்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவு கௌரவமான மனிதர்கள்.

இத்தோடு போதும், போன் போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. ஒரே நேரத்தில் தோன்றியதுதான் விபரீதம். அவர் இவருக்கு டயல் செய்கிறார், இவர் அவருக்கு டயல் செய்கிறார், இரண்டு பக்கமும் எங்கேஜ்டு. இயக்குநர் போனை வைத்துவிட்டு உதவியாளரிடம், "நம்மகிட்ட பேசாம வேற யாருகிட்டயோ பேசிட்டிருக்காங்க, கூட்டு சேர்க்கிறாங்க, இன்னொண்ணு போடு" என்றார். அந்தப் பக்கம் மேடமும் அதே முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் இருவருக்கும் சமாதான ஆசை அதிகமானது, ஆசை அதிகமாக ஆக இன்னும் அவசரமாக டயல் செய்தார்கள், இன்னும் உறுதியாக எங்கேஜ்டு வந்தது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், எனக்கோ வாய் திறக்க உத்தரவில்லை. சிவப்பு வில்லை தீர்ந்துபோய்க் காகிதத்தைக் கிழித்துக் கோந்து தடவி ஒட்டினேன். ஊர்கள் முடிந்து ஏரி, மலை என்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான்.

போர் எப்படி முடிந்தது தெரியுமா? இயக்குநருக்குச் சர்க்கரை வியாதி. அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடினார். அவர் போன் சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மேடத்தின் லைன் கிடைத்துவிட்டது. இயக்குநர் வந்து ஈரக் கையோடு எடுத்தார், இரண்டு பேரும் ஒரே மூச்சில் போதும் என்றார்கள், முடிந்தது. இனி எந்தப் போரிலும் ஒரு தரப்புத் தலைவர் கட்டாயம் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று நான்தான் அறிக்கை எழுதினேன். எந்தத் தரப்பு என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். சமத்துவம் கருதி இருவரும் போகலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அப்படிப் போனால் போனை யார் எடுப்பது என்று ஆராயக் குழு போட்டிருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து ஜன்னலில் கால் வைக்கும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. தினமும் சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போன் போடுகிறேன், தினமும் எங்கேஜ்டு. ஊரெல்லாம் கூப்பிட்டுப் பீரோ கதையைச் சொல்கிறாள் என்று நினைத்து எரிச்சலில் வைத்துவிடுவேன். ஒருவேளை அவளும் எனக்கே போட்டுக்கொண்டிருந்தால்? ஆகையால் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் தங்கை போனைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் குளியலறையில் விட்டுத் தாழ் போடுங்கள். நான் கூப்பிடுகிறேன். தப்பு அவள் மேல்தான் என்பதில் மாற்றமில்லை, ஆனாலும் அவள் திரும்பி வராவிட்டால் எனக்கு இந்த வீடு வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் பங்கிட்டுக் கொடுக்கவும்.

தங்கள் அன்புக்குரிய,
தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கும்போது வேட்டி கொக்கியில் மாட்டி, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று தொங்கிக்கொண்டிருந்தேன். நான் வழக்கமாக டயல் செய்கிற அந்தச் சாயங்கால நேரம் பார்த்து ஹாலில் போன் அடித்தது. கிழிந்தது கிழியட்டும் என்று ஓடி எடுத்தேன். உங்கள் தங்கை. "எத்தனை நாளா கூப்பிடுறேன், அப்படி யாருகிட்டதான் பேச்சு?" என்றாள். "உன்கிட்டதான்" என்றேன். வருகிறேன் என்றாள். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்காமல், உங்களுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதி வைத்திருப்பதைச் சொல்லித் தொலைத்தேன். "அப்படியே அனுப்புங்க. ஒரு வரி அடிச்சிருந்தாலும் எனக்குத் தெரியும். அதைப் படிச்சிட்டுதான் கிளம்புவேன்" என்று நிபந்தனை போட்டுவிட்டாள். அண்ணன் கண்ணாடி உடைந்துபோய், வருகிற கடிதங்களை எல்லாம் தான்தான் வாசித்துக் காட்டுவதாகவும் சொன்னாள்.

ஆகவே மச்சான், நீங்கள் தயவுசெய்து எழுந்து கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள்.

போய்விட்டாரா? சரி, நீ கேள். செடிகள் காய்ந்தது உண்மை. குறட்டை பற்றி எழுதியதும் உண்மை. மற்றதெல்லாம் ஒத்திகை. பீரோவை நான் தொடவில்லை, அப்படியே இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று நீ வந்து சொல். நடுவர் வாய் திறக்க மாட்டார்.